எழுத அல்ல, சோதிக்க வந்தேன்

பெங்களூரில் ஓர் ஏஐ நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்தேன். ஒருநாள், "எங்கள் மருத்துவ சாட்பாட் முழுக்கப் பாதுகாப்பானது" என்று அறிக்கை எழுதச் சொன்னார்கள். எப்படிச் சோதித்தீர்கள் என்று பொறியாளரிடம் கேட்டேன்.

"அதெல்லாம் டெக்னிக்கல் மேடம், உங்களுக்குப் புரியாது. நல்லா எழுதிக் குடுங்க, போதும்."

எழுதவில்லை, வேலையை விட்டேன். ஏஐயைச் சோதிக்க நானே கற்கப் போகிறேன் என்றதும், பிரேசர் டவுன் வீட்டில் என் கணவர், "நாப்பது வயசுல கணக்கு படிக்கப் போறியா?" என்றார். "ஆமா, படிக்கத்தான் போறேன்" என்றேன். இலக்கியம் படித்தவள் நான். கோடிங் கற்ற நாட்களில் அழுதும் இருக்கிறேன். ஆனாலும் விடவில்லை.

பிறகு ஓர் ஏஐ பாதுகாப்பு ஆய்வுக் குழுவின் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். நான் செய்த சோதனையை மடிக்கணினியில் காட்டினேன். மருந்தின் அளவைச் சரியாகச் சொன்ன ஏஐ, நோயாளிபோல நான் கோபமாகத் திரும்பக் கேட்டதும் தவறான அளவுக்குச் சம்மதித்துவிட்டது.

குழுத் தலைவி ரசித்துப் பார்த்தார். பிறகு, "உங்க அனுபவத்துக்கு எங்க அறிக்கையெல்லாம் எழுதற கம்யூனிகேஷன்ஸ் வேலை கரெக்டா இருக்கும். நாளைக்கே சேரலாம்" என்றார்.

வேலையில்லாமல் இருந்தவளுக்கு அது பெரிய சபலம்தான்.

"வேணாம் மேடம். இந்தச் சோதனையில தப்பு இருந்தா சொல்லுங்க, போயிடறேன். இல்லன்னா ஆராய்ச்சி வேலை குடுங்க."

அவர் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, தானே கேள்விகளை மாற்றிக் கேட்டார். ஏஐ மறுபடியும் பணிந்தது.

"ஜூனியராத்தான் சேரணும், பரவாயில்லையா?"

சேர்ந்துவிட்டேன். இன்று என்னைவிட மிக இளையவர்கள் என் பிழைகளைத் திருத்துகிறார்கள். திருத்தட்டும். நானே சோதித்துப் பார்க்காத எதையும் நல்லது என்று இனி யாருக்காகவும் எழுத மாட்டேன்.