கழுத்தில் ஏறாத சங்கிலி

கன்னம் வீங்கினால் கழுத்தில் பொன் போடுவார்கள். அதனால்தான் அதற்குப் பொன்னுக்கு வீங்கி என்று பேர். போட்டால் வீக்கம் இறங்குமா என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் அதற்கு வேறொரு உபயோகம் இருந்தது. சின்னப் பிள்ளை கழுத்தில் பெரியவர்களின் சங்கிலி தொங்கினால், மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை.

எண்பதுகளின் கடைசியில் திருத்தணியில் ஒரே வீட்டில் இரண்டு குடும்பமாக இருந்தோம். முன்பக்கம் என் கணவரின் அண்ணனும் அவர் மனைவியும். அவரைப் பாவா என்பேன், அவளை அக்கா என்பேன். பின்பக்கம் நாங்கள். நடுவில் விசைத்தறிகள். அவர்களுக்கு ஒரு பெண், எங்களுக்கு ஒரு பெண். இரண்டும் ஒரே தட்டில் சாப்பிடும்.

அரக்கோணத்தில் ஒரு டாக்டர் புது ஊசி போடுகிறார் என்று பாவா கேட்டுக்கொண்டு வந்தார். அக்காவும் நானும் பெண்களை ரயிலில் கூட்டிப்போனோம்.

"இது போட்டா இன்னா வராதுங்க?" என்று கேட்டேன்.

"தட்டம்மை வராது. பொன்னுக்கு வீங்கி வராது. இன்னொண்ணும் வராது. மூணுக்கும் ஒரே ஊசி."

"வரவே வராதுங்களா?"

"வராதும்மா. தைரியமா போ."

நான் மூன்றாவது வரை படித்தவள். வராது என்றால் வராது என்றுதான் எனக்குப் புரியும்.

அதற்கடுத்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குப் பாவா காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். மஞ்சள் துணி கட்டி விரதம் இருந்தார். அந்த வாரம் அக்காவின் பெண்ணுக்குக் கன்னம் வீங்கியது.

"இன்னாக்கா, இப்டி ஊதிகினு இருக்குது? சங்கிலி போடலாமா?"

"சும்மா இரு. சொத்தப் பல்லு."

"பாத்தா அப்டித் தெரிலயே."

"நீயுந்தான கூட வந்த? ஊசி போட்ட புள்ளைக்கு எங்கருந்து வரும்? டாக்டருக்கு மேல நீ படிச்சிட்டியா?"

அவள் பதறியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் பொன்னுக்கு வீங்கியையும் அம்மையோடுதான் சேர்ப்போம். அம்மை இருக்கும் வீட்டிலிருந்து காவடி கிளம்பக் கூடாது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் நம்பினேன். வராது என்று என் காதாலும் கேட்டிருந்தேன். பல்லுக்கு வைக்கக் கிராம்பு கொடுத்தேன். பெண்கள் எப்போதும்போல ஒரே பாயில் படுத்தார்கள்.

காவடி மலையேறியது. அக்கா தன் பெண்ணின் முகத்தைத் துண்டால் சுற்றியிருந்தாள். கூட்டத்தில் தூசி என்றாள்.

ஆவணியில் என் பெண்ணுக்கு வந்தது. இரண்டு பக்கமும் வீங்கி, கஞ்சி இறங்கவில்லை. காய்ச்சலில் வாந்தி எடுத்தாள். என் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான். அக்காவிடம் போய்ச் சங்கிலி கேட்டேன். கழற்றிக் கொடுத்தாள்.

அதை என் பெண்ணுக்குப் போடும்போது அக்காவின் பெண் பக்கத்தில் நின்றது.

"எனக்கும் இதத்தான் போட்டாங்க சித்தி."

"எப்ப?"

"கன்னம் வலிக்கச்சொல்ல. கதவ சாத்திகினு போடுவாங்க. வெளிய வரச்சொல்ல கழட்டிடுவாங்க."

அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சிகினேதான் இருந்தியாக்கா?"

"காவடி நின்னுப்போச்சின்னா உங்க பாவா ஒடிஞ்சி போயிருப்பாரு."

"எங்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதா?"

"உம் பொண்ணுக்கும் ஊசி போட்டிருக்குதே. வராதுன்னு நெனச்சேன்."

"உம் பொண்ணுக்கு வந்துச்சே."

அவள் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள்.

வீக்கம் வடிந்தது. ஒரு நாள் காலையில் தறிகள் ஓடத் தொடங்கிய பிறகும் என் பெண் எழுந்திருக்கவில்லை. வலது காது தலையணையில் அழுந்த ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். தொட்டதும் முழித்தாள். "தறி ஓடலியாம்மா?" என்று கேட்டபடியே எழுந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் சத்தம் கேட்டு, தறிப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அரக்கோணத்து டாக்டர் இடது காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பொன்னுக்கு வீங்கியில் நரம்பு போய்விட்டது, திரும்பாது என்றார்.

"ஊசி போட்டீங்களே" என்றேன்.

"போட்டாலும் சில பேருக்கு வரும்மா. இந்தத் தடவ போட்ட புள்ளைங்களும் சிலது எங்கிட்ட வந்துச்சு. போடாததுங்கதான் நெறைய."

"வராதுன்னு சொன்னீங்களே. சில பேருக்கு வரும்னு அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரே பாயில படுக்க வெச்சிருக்க மாட்டேங்க."

"அப்டிச் சொன்னா யாரும்மா போட்டுக்குவாங்க?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த நியாயத்துக்கு என் பெண்ணின் காது போயிருந்தது. பிறகு மகன் பிறந்தபோது அவனையும் அவரிடமே தூக்கிப்போய் ஊசி போட்டேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். ஒண்ணும் சொல்ல வேணாங்க, போடுங்க என்றேன்.

வீட்டைப் பிரிக்கவில்லை. தறிகள் சேர்ந்தே ஓடின. அக்காவோடு வேலைப் பேச்சு மட்டும் பேசினேன். அவளும் அப்படியே. அந்தக் கன்னத்தைப் பற்றி அவள் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

எந்தக் காது போனது என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் என் பெண்ணிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், தறியைச் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் நின்றுதான் பேசுவாள்.