கேட்டைத் தாண்டாத கறி

சின்னப்பையனைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. விளக்கு வைத்தால் பூச்சி விழுமே என்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு எழுந்துவிடுகிற சமண நயினார் வீட்டில் பிறந்தவன் நான். பெயர் மல்லிநாதன். மாட்டுக்கறியில் எது உசத்தி, எது மட்டம் என்று நான் பேச ஆரம்பித்தால் என் மனைவி சந்திரகாந்தாவே எழுந்து போய்விடுவாள். ஆனாலும் பத்து வருஷம் அந்தப் பாடத்தைக் காதால் கேட்டவன். கேட்டதோடு நிற்காமல் ஒரு பாவமும் செய்தேன்.

ஆரணியில் பட்டு வியாபாரம் செய்த எங்கள் முதலாளி, வெளிநாட்டிலிருந்து துணி எடுக்க வருகிறவர்கள் தங்குவதற்காகப் போளூர் சாலையில் ஒரு பங்களா கட்டியிருந்தார். எழுபத்து நாலில் அதற்கு என்னை மேனேஜராகப் போட்டார். சமையல்கட்டுக்குக் கறி வரும், கறியைத் தொடாத ஆள் காவலிருந்தால் ஒரு துண்டும் காணாமல் போகாது என்பது அவர் கணக்கு. "கறின்னு மட்டும் சொல்லு. இன்னா கறின்னு ஊருக்குள்ள சொல்லாதே" என்று ஒரே ஒரு உத்தரவு கொடுத்தார்.

சமையலுக்கு வந்தவர்தான் சின்னப்பையன். பெயர்தான் சின்னப்பையன், ஆளுக்கு அப்போதே நாற்பத்தைந்து வயது. வேலூரில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் வீட்டில் சமைத்துப் பழகியவர். இஞ்சி பூண்டு அரைக்காமல், மஞ்சள் போடாமல், கறியை அப்படியே தட்டையாகச் சுட்டுக் கொடுக்கிற ஸ்டேக் என்ற சமாச்சாரம் எங்கள் பக்கத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கவுஸ் பாயின் கறிக்கடைக்குப் போவார், காசு கொடுக்க நானும் கூடப் போவேன். அவர் கறி வாங்குவது பெண் பார்க்கிற மாதிரி இருக்கும். கொழுப்பு மஞ்சளடித்திருந்தால் கிழட்டு மாடு என்று திரும்பிவிடுவார். விரலால் அழுத்திப் பார்ப்பார். பாய் தொடையைக் காட்டினால் உதட்டைப் பிதுக்குவார். அவருக்கு வேண்டியது முதுகு முடிந்து இடுப்பு தொடங்குகிற இடத்துக் கறி.

"தொடை பாக்கத்தான் பெருசு நயினாரே, சுட்டா வறட்டிதான். உள்ளாற இருக்கிற அண்டர்கட்டு பஞ்சு மாதிரி இருக்கும், ஆனா ருசி மட்டு. கழுத்து, கால், நெஞ்சு எல்லாம் ரெண்டு மணி நேரம் கொதிக்கணும். ஓடியாடி ஒழைச்ச கறியாச்சே. இந்த இடுப்புக்கறிதான் மெத்துன்னும் இருக்கும், ருசியும் இருக்கும்" என்பார். நான் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு தலையாட்டுவேன்.

ஊர் வழக்கப்படி மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் அலசுகிற வேலையெல்லாம் கிடையாது. துணியால் ஈரத்தை ஒற்றி எடுப்பார். அரை மணி வெளியே வைப்பார். இரும்புச் சட்டி புகைகிற வரைக்கும் காய வேண்டும். முதலில் கொழுப்பு ஓரத்தை நிறுத்திச் சுடுவார், பிறகு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், கடைசியில் வெண்ணெய், மிளகு. இறக்கியதும் தொட விடமாட்டார். சுட்ட நேரத்துக்குச் சமமாக அது சும்மா கிடக்க வேண்டுமாம். வந்தவர்கள் சமையல்கட்டு வரைக்கும் வந்து அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போவார்கள்.

இப்போது என் பாவத்துக்கு வருகிறேன். சமைத்த கறி எதுவும் பங்களா கேட்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. முதலாளி போட்டதல்ல, நான் போட்டது. சின்னப்பையன் வீட்டுக்குப் போகிற வழி எங்கள் தெரு வழியாகத்தான். பொட்டலம் மணக்க மணக்க அவர் போக, நான் வேலை செய்கிற இடத்திலிருந்து வருகிறது என்று எங்கள் சனங்கள் பேசுவார்களே என்று எனக்குப் பயம். மிச்சமானதைத் தென்னை மரத்தடியில் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னேன். வேலை முடிந்து போகும்போது கேட்டில் நிறுத்தி, அவர் கையிலிருப்பதைப் பிரித்தும் பார்ப்பேன். ஓர் உயிரைக் கொன்று அதை மண்ணில் போட்டு மூடியதற்கு எந்தச் சாமி என்னை மன்னிக்கும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. ஒழுக்கமாக நடக்கிறோம் என்ற திமிர்தான் இருந்தது.

இடுப்புக்கறியைத் தட்டுக்கு அளவாக நறுக்கும்போது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வால் துண்டு மிஞ்சும். சட்டி காய்ந்ததா என்று பார்க்க அதைத்தான் முதலில் போடுவார். பிறகு அடுப்பைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நின்றவாக்கிலேயே வாயில் போட்டுக்கொள்வார். நானும் பார்க்காத மாதிரி இருப்பேன். வீட்டுக்கு அவர் வாங்கிப் போவது கால் கறி, இல்லாவிட்டால் கழுத்து. "செல்லம்மாவுக்குக் கால் கறிதாங்க புடிக்கும்" என்று ஒருதரம் சொன்னார். எனக்கும் அது வசதியாக இருந்ததால் நம்பிவிட்டேன்.

செல்லம்மாள் அவர் மனைவி. ஒரு தறிக்காரர் வீட்டில் நூலைக் குச்சியில் தார் சுற்றுகிற வேலை. புகையிலை போட்டுப் போட்டுக் கடைவாய்ப் பல் ஒன்றுவிடாமல் போய்விட்டது. எண்பத்து நாலு மழைக்காலத்தில் டைபாய்டு வந்து, ஒரு மாதம் படுத்து எழுந்தவள் விறகுக் குச்சியாகிவிட்டாள். கஞ்சியைப் பார்த்தாலே குமட்டுகிறது, கறி கேட்கிறாள், ஆனால் கால் கறியை மெல்ல முடியாமல் சக்கையைத் துப்பிவிடுகிறாள் என்று சின்னப்பையன் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வாரம் பங்களாவுக்கு யாரும் வருவதாக இல்லை. வெள்ளிக்கிழமை லீவு கேட்டார், கொடுத்தேன். அன்று சாயந்திரம் பார்த்து, ஒரு ஜெர்மன்காரர் வந்துகொண்டிருக்கிறார் என்று தந்தி வந்தது. ஆளைக் கூட்டிவர சைக்கிளை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

தெருமுனையிலேயே வெண்ணெய், மிளகு, கருகிய கொழுப்பு வாசனை வந்தது. பத்து வருஷம் பழகிய வாசனை. இடுப்புக்கறியை வாங்கிச் செல்லம்மாவுக்குச் சுடுகிறார் என்று புரிந்தது. வாசல் தட்டிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். உள்ளே சின்னப்பையன் கறியைப் பொடிசாக நறுக்குகிற சத்தம் கேட்டது.

"துண்ணு பாரு. பல்லே வேணாம், நாக்கால அமுக்கினா போதும்."

அவள் அதை நாக்கால் அமுக்கிச் சப்புவது கேட்டது.

"மெத்துன்னுதான் இருக்குது" என்றாள் செல்லம்மாள். பிறகு, "இதானா அது?"

"எது?"

"வெள்ளிக்கெழம ஆனா உம்மேல ஒரு வாசன வருமே."

"அது சட்டையில ஒட்டிக்கினு வர்றதும்மே. அடுப்பாண்ட நிக்கிறேன்ல."

"சட்டைய தொவைக்கிறவ நான். சட்டையில இல்ல. வாயில."

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"இத்தினி வருசமா இத்த துண்ணுட்டு வந்துதான் எங்கூட கால் கறி சாப்பிட ஒக்காந்தியா? எனக்குப் பல்லு இருந்தப்போ ஒருவாட்டி எடுத்தாந்திருக்கலாமே. சரி வுடு. இந்தா, நீயும் ரெண்டு துண்ணு."

"எனக்கு வேணாம்மே."

"துண்ணுய்யா. ஒனக்குப் புடிக்குமில்ல."

அவர் அழுகிற சத்தம் கேட்டது. நான் கூப்பிடவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பினேன். ஜெர்மன்காரருக்கு அன்று ரொட்டியும் முட்டையும்தான். சமையல்காரருக்கு உடம்பு சரியில்லை என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சட்டி காய்ந்ததும் வால் துண்டைப் போட்டார், எடுத்தார், தட்டில் வைத்தார். வாயில் போடவில்லை. நான் சமையல்கட்டு வாசலுக்குப் போய், "சின்னப்பையா, இனிமே மிச்சத்தையெல்லாம் இலையில மடிச்சு எடுத்துக்கினு போ. யாரு கேட்டாலும் நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"நீங்க கூடாதுன்னீங்க, அதனாலதான்னு அவகிட்ட சொல்லியிருக்கலாம் நயினாரே. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா எடுத்துனு போவட்டான்னு ஒரு நாளு உங்கள நான் கேக்கவே இல்லியே. கேட்டா நீங்க சரின்னுடுவீங்களோன்னுதான் பயம். எடுத்துனு போனா அவளுக்குப் பாதி குடுக்கணுமே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கேட்டிருந்தால் நான் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இலையை மடித்துக்கொண்டு கேட் வரைக்கும் போனார். அங்கே பழக்கதோஷத்தில் நின்று, நான் பிரித்துப் பார்ப்பேன் என்று பொட்டலத்தை நீட்டினார்.