வல்லரசின் வாய்மொழித் தேர்வு

“நாடானாலும் சரி, நாத்தனாரானாலும் சரி, எனக்கு எவ்வளவு கிடைக்குதுங்கறது முக்கியமில்ல. அவளைவிட எவ்வளவு கூடக் கிடைக்குதுங்கறதுதான் முக்கியம். சாகுற வரைக்கும் இதுல மாற மாட்டேன்!”

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் பகலெல்லாம் உட்கார்ந்துவிட்டு, மாலையில் பன்னாட்டு அரசியல் பொருளாதாரத்தில் முதுகலை படித்தவர் செய்த சபதம் இது. எந்த நாடும் எந்த நாட்டையும் நம்பக்கூடாது என்னும் யதார்த்தவாதக் கோட்பாட்டை அவர் படித்தார் என்பதைவிடக் குடித்தனம் நடத்தினார் என்பதே பொருந்தும். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கணவர் அவருக்கு ‘வல்லரசு’ என்று பெயர் சூட்டி, அமைதியாக வரி கட்டி வாழ்ந்தார்.

விதி பாருங்கள், அதே வகுப்பில் கணவரின் தங்கையும் சேர்ந்தாள். அவள் தாராளவாதி. வியாபாரம் பெருகினால் எல்லோருக்கும் லாபம், நாடுகள் நல்ல பிள்ளைகள் என்பது அவள் கட்சி. வீட்டில் இருவருக்கும் படிக்க இருந்தது ஒரே சாப்பாட்டு மேசை. நடுவே தண்ணீர்க் குடுவை எல்லைக்கோடாக நின்றது. மின்விசிறி யார் பக்கம் திரும்புவது என்பதில் மூன்று சுற்றுப் பேச்சுவார்த்தை முறிந்திருந்தது.

அந்தத் துறையில் ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. ஆண்டு முழுக்க எந்தக் கோட்பாட்டைத் திட்டினீர்களோ, வாய்மொழித் தேர்வில் அதற்காகவே வாதாட வேண்டும். போன தடவை ‘ஒத்துழைப்பு’ என்ற சொல் வல்லரசின் தொண்டையில் சிக்கியது. இருமிவிட்டு வெளியே வந்துவிட்டார். இந்தத் தடவையும் தோற்றால் பெயரை நீக்கிவிடுவார்கள். துறையின் ஆய்வுப் பிரிவில் அவருக்கென்று பேசி வைத்திருந்த வேலையும் போய்விடும்.

“அண்ணி, உங்க கட்சியை எனக்குச் சொல்லிக் குடுங்க. என் கட்சியை நான் உங்களுக்குச் சொல்லித் தர்றேன்” என்றாள் நாத்தனார்.

“எனக்குப் பத்து வந்து உனக்குப் பதினொண்ணு வந்தா?”

“வரட்டுமே. உங்களுக்குப் பத்து வருதுல்ல?”

“அதான்டி உன் கட்சியோட கோளாறு.”

“அப்போ ரெண்டு பேரும் பெயிலாகுங்க” என்றார் கணவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி. “சமநிலை வந்துடும்.”

பெயில் என்ற சொல் கேட்டதும் வல்லரசு முறைத்தார். பிறகு, எவருடைய மத்தியஸ்தமும் இன்றி, குடுவையை எடுத்து ஜன்னலோரம் வைத்தார்.

அன்றிலிருந்து மேசையில் போர்ப் பயிற்சி.

“நாடு நல்ல பிள்ளைன்னு இன்னொரு வாட்டி சொன்னே, விசிறியை நிறுத்திடுவேன். சந்தேகப்படுடி!”

“நீங்க கொஞ்சம் சிரிங்க அண்ணி. ஒப்பந்தம் பேசறீங்க, பல் பிடுங்கலை.”

தேர்வு நாளில் பேராசிரியர் பேனாவை உயர்த்தினார். “ரெண்டு நாட்டுக்கும் லாபம். ஆனா எதிர் நாட்டுக்குக் கூடுதல். அந்தக் கூடுதலை வெச்சு நாளைக்கு உங்களையே மிரட்டினா? ஏன் கையெழுத்துப் போடணும்?”

இதே கேள்வியால் வல்லரசு நாத்தனாரை எத்தனையோ முறை மடக்கியிருக்கிறார். வீட்டுச் சாப்பாட்டு மேசை நினைவுக்கு வந்தது.

“ஒரே நாள் வியாபாரம்னா பயப்படலாம் சார். தினம் எதிரெதிரே உட்காரணும்னா? இன்னிக்கு மிரட்டினா நாளைக்கு என்கிட்ட எந்த முகத்தோட வருவாங்க? அவங்களுக்கும் நான் வேணும். அந்த ‘நாளைக்கு’ங்கறதுதான் சார் எனக்குக் காவல். கையெழுத்துப் போடாம இருந்தா, அடுத்தவங்க லாபத்தை எண்ணிக்கிட்டே என் லாபத்தைக் கோட்டை விட்டுருவேன்.”

பேராசிரியர் இன்னும் நான்கு கேள்விகளை வீசினார். நான்கும் பதிலோடு அவர் மேசைக்கே திரும்பின. கடைசியில் பேனாவை மூடி, எழுந்து நின்று கைகுலுக்கினார். வல்லரசு வெளியே வந்த நடையைப் பார்த்தால், ஒரு கண்டத்தையே பிடித்துவிட்டு வருகிறார் என்றுதான் நினைப்பீர்கள்.

மாலையில் துறை எழுத்தர் வாசலில் நின்று மதிப்பெண்களைப் படித்தார். வல்லரசுக்கு எழுபத்தொன்று. நாத்தனாருக்கு எழுபத்தெட்டு.

வல்லரசு சற்று ஒதுங்கி நின்று கடைக்குப் போன் போட்டார்.

“என்னங்க, உங்க தங்கச்சி எழுபத்தெட்டு! தெரியுமா? வகுப்புலயே அவதான் முதல்!”

“அடேங்கப்பா! சரி, நீ?”

“நானா? நானும் பாஸுதான். அதை விடுங்க, எழுபத்தெட்டுங்க!”