பெசார் தீவுக்குப் பாதி வழி

பெசார் தீவுக்குப் போகிற பயணத்தை மாமா ஒரு மாதமாக எங்கள் சாப்பாட்டு மேசையில் ஓட்டிக்கொண்டிருந்தார். தேநீர்க் கோப்பைதான் தீவு, பிஸ்கட் படகு. தீவை நேராகக் குறிவைக்கக் கூடாது, கொஞ்சம் மேற்கே தள்ளிப் பிடித்தால் நீரோட்டமே துறையில் சேர்த்துவிடும் என்பார். பிறகு படகைத் தின்றுவிடுவார். அம்மாவின் தம்பியான அவர் கடலோர விடுதி ஒன்றில் பாய்மரப் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கொஞ்சம் நீளம்.

மோட்டார் சைக்கிள் விபத்தில் அப்பா பிழைத்தால் தீவில் அடங்கியிருக்கும் முஸ்லிம் பெரியவரின் சமாதிக்கு வருவதாக அம்மா வேண்டியிருந்தார். அப்பா பிழைத்துக்கொண்டார். பன்றிக்கறி தின்றவர்கள் அந்தத் தீவை மிதிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. புறப்படுவதற்கு முதல்நாள் மாமாவும் நானும் மட்டும் போயிருந்த மெர்லிமாவ் தோட்டத்தில், அவருடைய கூட்டாளி வீட்டில், காட்டுப்பன்றிக் கறி கமகமத்தது. மாமா தட்டைத் தள்ளிவிட்டு என்னோடு வெறும் ரொட்டி தின்றார். கண் மட்டும் சட்டியை விட்டு நகரவில்லை.

காலையில் அம்மா, மாமா, நான் மூவரும் புறப்பட்டோம். பாதி வழியில் சுமத்ரா பக்கம் வானம் கறுத்தது. காற்று சட்டென்று நின்றது, பிறகு குளிராக வந்து அடித்தது. படகு சாய்ந்து தண்ணீர் என் மடியில் ஏறியது. மாமா பாயைப் பாதியாகச் சுருக்கினார். பேச்சை அடியோடு நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

திரும்பிவிடலாம் என்று இரண்டு முறை சொன்னார். அம்மா பூக்கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முடியாது, எது வந்தாலும் போ என்றார். வேண்டுதலை முடிக்காமல் திரும்பினால் அப்பாவுக்கு மறுபடி ஏதாவது ஆகிவிடுமென்று அவருக்குப் பயம்.

மாமா வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அக்கா, நேத்து தோட்டத்துல நான் காட்டுப்பன்னி சாப்பிட்டேன்."

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. "போட்டைத் திருப்புடா," என்றார்.

பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். மாமா என் காலை வலிக்கும்படி மிதித்தார். காற்று எங்களைக் கரைக்கே விரட்டியது. படகைக் கட்டுவதற்குள் மழை வந்து தீவையே காணாமல் செய்துவிட்டது.

அம்மா பிறகு வேறு படகில் போய் வேண்டுதலை முடித்தார். மாமாவைக் கூப்பிடவில்லை. அந்தத் தீபாவளிக்கு அவர் ஒரு டின் பிஸ்கட்டோடு வந்து வாசலில் நின்றார், அம்மா உள்ளே வரச் சொல்லவில்லை. டின்னை வாங்கிக்கொண்டு நானும் கதவைச் சாத்தினேன். மேசையில் ஓட்டத் தெரிந்தவருக்குக் கடலில் ஓட்டத் தெரியவில்லை, அதை மறைக்கத்தான் அந்தப் பொய் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.