பிடிக்கப் பழகிய கை

அத்தாவின் வலக்கை எங்கள் முகத்தில் பட்டதே இல்லை. எங்களைப் பெற்ற அத்தா, விருதுநகரில் வத்தல் தரகு பார்த்தவர். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியில் கிடக்கும் மிளகாய் வத்தலை அள்ளிக் காதருகே குலுக்கிப் பார்ப்பார். விதை கலகலவென்று ஆடினால் காய்ந்த சரக்கு. சத்தம் வராவிட்டால், கொண்டு வந்தவர் சொந்தக்காரராகவே இருந்தாலும், கையை உதறிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார். அந்தக் கையில் ஏறிய காரம் எந்தச் சோப்புக்கும் மசியாது. ஆகவே எங்களுக்கு மூக்குச் சிந்திவிட்டது, கண்ணீரைத் துடைத்தது, கன்னத்தைக் கிள்ளியது எல்லாமே இடக்கைதான். வலக்கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு குனிந்து என்னைக் கொஞ்சும் அத்தாதான் எனக்கு முதல் நினைவு.

வத்தல் வரத்து மும்முரமாக இருந்த ஒரு பங்குனிக் காலையில், மூட்டைக்குள் விட்ட கை விட்டபடியே நின்றுவிட்டது. தரகர் ஏதோ யோசிக்கிறார் என்று சுற்றி நின்றவர்கள் காத்து நின்றார்களாம். பிறகுதான் அவர் வாய் கோணியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். பக்கவாதம். கால் மெல்ல நடைக்கு வந்தது. பேச்சும் இழுத்து இழுத்து வந்தது. கை மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, தொங்கிக் கிடந்த அந்தக் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். காரமே இல்லை. நான் அழுத அழுகையைப் பார்த்து, எரிகிறதோ என்று அம்மா பதறிவிட்டாள்.

அப்போது எனக்குச் சிவகாசியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகக் குடும்பம். ஆர்டர் நெருக்கும் மாதங்களில் அவர்களுக்கு நல்லது கெட்டது எதுவும் கிடையாது. தீபாவளி சீசன் முடிந்த கையோடு நிக்காஹ் என்று பேச்சு. பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் வலக்கையைத் தன் வலக்கையால் பற்றிக்கொண்டு, என் மகளை உங்களுக்கு மணமுடித்துத் தந்தேன் என்று சபையறியச் சொல்வது எங்கள் வழக்கம். பள்ளிவாசல் அஸ்ரத்து வீடு தேடி வந்து, "வாயால சொன்னாப் போதும் ராவுத்தரே. கை பிடிக்கிறது வளக்கம்தானே, கடமை இல்லையே" என்றார். பெரியத்தா, தானே தம்பிக்குப் பதில் உட்கார்ந்து பிடித்துக்கொடுப்பதாகச் சொன்னார். அந்தக் கை வராவிட்டால் இந்தக் கையால் பிடியுங்களேன் என்று அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அத்தாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"இடக்கையால குடுக்கிறதுக்கு... எம்பிள்ள என்ன கடைச் சரக்கா?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

அதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் ஒரே நினைப்பு. சீசன் முடிவதற்குள் அந்தக் கை பிடிக்க வேண்டும். பார்க்க வந்தவர்களெல்லாம் வைத்தியர் ஆனார்கள். புறா ரத்தம் தேய்த்தால் நரம்பு விழிக்கும் என்றார் ஒருவர். அதையும் தேய்த்தோம். வீடு நாறியதுதான் மிச்சம். "அல்லா நாடினா நாளைக்கே எந்திரிச்சிரும்" என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. எந்த நாளைக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் அறைக்கு நான்தான் அவரைக் கூட்டிப்போவேன். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி என்பதால் அங்கே வாதக் கைகளோடு வெடிவிபத்தில் வெந்த கைகளும் வரும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு மருந்து அறையில் வேலை பார்த்த ஒரு அக்கா அத்தாவுக்குப் பக்கத்து நாற்காலி. வெந்த தோல் சுருங்கி ஆறியதில் அவர் விரல்கள் உள்ளங்கையோடு மடங்கிக் கிடந்தன. "ஒங்களுக்கு மூட மாட்டேங்கி, எனக்கு விரிய மாட்டேங்கி. ஆளுக்குப் பாதியாப் பங்கு போட்டுக்கிருவமா பாய்?" என்பார். அத்தா கோணல் வாயோடு சிரிப்பார். நோயில் விழுந்த பிறகு அவர் சிரித்தது அந்த அறையில்தான்.

பயிற்சி கொடுத்த பெண் சின்னப் பெண். முதல் வாரமே கண்டித்துச் சொன்னாள்: "பந்தை வச்சு அமுக்காதீக ஐயா. மூடுறது தானா வந்துரும். விரிக்கிறதுதான் லேசுல வராது. விரிக்கப் பழகுங்க."

"நான் பிடிக்கணும்மா. விரிச்சு... பிச்சையா எடுக்கப் போறேன்?" என்றார் அத்தா.

வீட்டுக்கு வந்ததும் பந்துதான். தொழுகை நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ரப்பர் பந்தை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருப்பார். ஆடி முடிவதற்குள் சுண்டுவிரல் அசைந்தது. பிறகு நான்கு விரலும் மெல்ல மடங்கின. அம்மா அன்றைக்குப் பாயாசம் வைத்தாள். அதற்குப் பிறகு மாலையில் என்னை எதிரே உட்காரவைத்துப் பழகுவார். நான்தான் மாப்பிள்ளை. "மாப்ளே, தலைய நிமுத்துங்க. பொண்ணா நீங்க?" என்று கேலி செய்வார். என் கையைப் பற்றிக்கொண்டு, வார்த்தைகளைத் திக்காமல் சொல்லிப் பார்ப்பார். பிடி இறுக்கமாகத்தான் இருந்தது. சொல்லி முடித்ததும் விரல்கள் உடனே விடாது. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் தானாகத் தளரும். "பிடிச்ச கைக்கு விடத் தெரியாமலா போகும்?" என்றாள் அம்மா. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம்.

நிக்காஹ் அன்று ஆண்கள் சபை முன்பக்கம். நாங்கள் பெண்கள் திரைக்குப் பின்னால் இருந்தோம். எனக்கு ஒலிபெருக்கியில் வந்த சத்தம் மட்டும்தான். அஸ்ரத்து எடுத்துக்கொடுக்க, அத்தா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். என் பெயரைச் சொல்லும்போது திக்கவே இல்லை. அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார். அடுத்து மணமக்களுக்கான துஆ தொடங்க வேண்டும். தொடங்கவில்லை. யாரோ, "போதும் ராவுத்தரே, பிள்ளைய விட மனசில்லையாக்கும்!" என்றார். சபை சிரித்தது. திரைக்கு இந்தப் பக்கமும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அந்தச் சிரிப்பு முன்பக்கத்திலிருந்து அடங்கிக்கொண்டே வந்தது.

நடந்ததை என் கணவர் பிறகுதான் சொன்னார். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற பதற்றத்தில் கை இறுகிக்கொண்டே போயிருக்கிறது. அத்தா குனிந்து, "முடியலே மாப்ளே... நான் பிடிக்கலே, அதுவா பிடிச்சிருக்கு" என்றாராம். பெரியத்தா முன்னால் வந்து மண்டியிட்டு, தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாக நெம்பிப் பிரித்திருக்கிறார். அதற்குப் பிறகு சபை முழுவதும் கையேந்தி துஆ கேட்டது. அத்தா மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாராம்.

அன்றோடு பயிற்சி அறைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். ஏழாயிரம்பண்ணை அக்காவின் கை ஓரளவு விரிந்துவிட்டது, அவர் மறுபடியும் கம்பெனி வேனில் ஏறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். எனக்கு அதற்கும் அழுகைதான் வந்தது.

அத்தாவின் கை இப்போது திறப்பதே இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் சிவகாசியிலிருந்து போகிறேன். வெந்நீரில் அமிழ்த்தி, மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கினால் விரல்கள் கொஞ்சம் நெகிழும். அதற்குள் உள்ளங்கையின் புழுக்க நாற்றம் போகத் துடைத்து, தோலில் பதிந்து கிடக்கும் நகங்களை வெட்டிவிட வேண்டும். வலிக்கும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இது சரியாகும் என்று நான் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை.

போன வாரம் துடைத்து முடிப்பதற்குள் அந்தக் கை என் விரல்களின் மேல் மூடிக்கொண்டது. இழுத்தால் அவருக்கு வலிக்குமே என்று நான் அப்படியே இருந்தேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருந்திருப்பேன். அத்தாதான் இடக்கையைக் கொண்டுவந்து, தன் விரல்களைத் தானே ஒவ்வொன்றாகப் பிரித்து, என் கையை வெளியே எடுத்துவிட்டார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. போம்மா" என்றார்.