பத்து வரை

பெண்கள் காப்பகத்துப் பிள்ளைகள் வார்டனுக்கு வைத்த பெயர் சக்கரம். காதுபடவே சொல்வார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் காப்பகத்தின் மாடியில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பாடுகூட நின்றபடிதான். "தட்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டு ஓடுங்க, இன்னும் வசதியா இருக்கும்" என்பார் சமையல்காரர்.

கால் ஓரிடத்தில் நிற்காததற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், போர்வைக்குள் இருந்த தலையணையைத் தலை என்று எண்ணிவிட்டாள். ஓடிப்போன பிள்ளை இரண்டு நாள் கழித்து அடுத்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் கிடைத்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. வார்டனுக்குத்தான் ஆகிவிட்டது. அன்றிலிருந்து மணிக்கொரு தரம் தலை எண்ணுவாள். பெரிய கூடம், பன்னிரண்டு கட்டில். வாசலில் நின்று ஒரு பார்வை. பன்னிரண்டு. அடுத்த மணி வரை மூச்சு விடலாம்.

போன மாதம் அந்தக் கூடத்தைப் பலகையால் தடுத்துப் பன்னிரண்டு அறைகளாக்கினார்கள். அறைக்கு ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு கதவு. வளர்ந்த பெண்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று சட்டம். வார்டன்களுக்கு ஒரு நாள் வகுப்பு நடத்தினார்கள். கதவைத் தட்ட வேண்டும், பத்து வரை எண்ண வேண்டும், உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

அவளுக்குக் கை நிற்கவில்லை. தட்டுவாள், எண்ணவும் தொடங்குவாள். மூன்று வரும்போது கதவு திறந்திருக்கும்.

பதினொரு பெண்கள் பொறுத்துக்கொண்டார்கள். கடைசி அறைக்காரி பொறுக்கவில்லை. பதினான்கு வயது. பெட்டியை எப்போதும் பூட்டியே வைத்திருப்பதால் பெயர் பூட்டு. கட்டிலை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டுவிட்டாள். சோதனைக்கு வந்த மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டார். நெருப்புப் பிடித்தால் எப்படி உள்ளே போவது என்று கேட்டார். வியாழன் நாலு மணிக்குத் திரும்ப வருவதாகவும், கட்டில் அங்கேயே இருந்தால் அந்தப் பெண்ணைக் கீழே சின்னப் பிள்ளைகளின் கூடத்துக்கு மாற்றிவிடுவதாகவும் சொல்லிப் போனார்.

வியாழன் மூன்றரைக்கு வார்டன் கடைசிக் கதவைத் தட்டித் தள்ளினாள். கட்டில் காலில் இடித்து நான்கு விரல் அகலத்துக்குத் திறந்தது. இடுக்கில் ஒரு கண்.

"கட்டிலை நகத்துடி. அந்தம்மா வர்ற நேரம்."

"தட்டறதும் தள்ளறதும் ஒண்ணுன்னா எதுக்குத் தட்டணும்?"

"வாய் மட்டும் இடுக்கு வழியா வந்துடும். கீழ போய் அந்த வாண்டுங்களோட படுக்கணுமா? மூஞ்சி மேலயே உருளுங்க."

"நீங்க மூணுலயே திறக்கறீங்க வார்டன்ம்மா. நான் எண்ணிப் பாத்துட்டேன். நேத்து ரெண்டு."

"நல்லாயிருக்கே! நான் உங்களை எண்றேன், நீ என்னை எண்றியா?"

கண் அசையவில்லை. "முந்தி நான் இருந்த மூணு இடத்துலயும் கதவு கெடையாது. இங்க இருக்கு, ஆனா இல்ல."

வார்டனுக்கும் கதவு வாய்த்ததில்லை. பிறந்த வீட்டில் ஓர் அறை, எட்டுப் பேர். புகுந்த வீட்டில் பீரோக் கதவைத் திறந்துவைத்து அதன் மறைவில்தான் சேலை மாற்றினாள். அப்போது பார்த்துத்தான் மாமியாருக்கு அந்தப் பக்கமிருந்து எதையாவது கேட்கத் தோன்றும்.

"சரி, இனிமே பத்து எண்றேன். கட்டிலை எடு."

"முதல்ல எண்ணுங்க. அப்புறம் பாக்கலாம்."

கதவு சாத்திக்கொண்டது. வார்டன் மாடிப்படி வரை போனாள், வந்தாள். சொட்டாத குழாயை இறுக்கினாள். ஜன்னலைத் திறந்து மூடினாள். அதற்குள் படியில் செருப்புச் சத்தம். மேலதிகாரி பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். நேரே கடைசிக் கதவுக்குப் போய்க் கைப்பிடியில் கை வைத்தார்.

வார்டன் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பிடித்த பிறகுதான் யார் கை என்று உறைத்தது.

"மேடம், பத்து."

"என்ன பத்து?"

"வகுப்புல நீங்கதான் மேடம் சொன்னீங்க."

அவர் கையை விடுவித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். முகம் சுண்டியிருந்தது. வார்டன் தட்டினாள். உள்ளே கேட்கும்படி வாய்விட்டு எண்ணினாள். மூன்றில் கை எழுந்தது; முந்தானையைச் சுற்றி அதை அடக்கினாள். ஐந்தில் கால் மாற்றிக்கொண்டாள். உள்ளே சத்தமே இல்லை. ஆறு. ஏழு சொல்லும்போது இரும்புக் கால் தரையைக் கீறும் ஓசை கேட்டது. எட்டு. ஒன்பதை இழுத்துச் சொன்னாள். பத்து.

"உள்ள வரலாமா?"

"வாங்க."

கட்டில் ஜன்னல் ஓரம் கோணலாகக் கிடந்தது. பூட்டு மூச்சிரைக்க அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். மேலதிகாரி வாசலிலிருந்தே பார்த்தார். தாளில் ஒரு குறி போட்டார். "அறை இவளுக்கே இருக்கட்டும்" என்றார். படியிறங்கும்போது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்.

ஆறு மணிச் சுற்று. பதினொரு தலைகளும் சரி. கடைசிக் கதவைத் தட்டி, பத்து எண்ணி, வரலாமா என்று கேட்டாள்.

"இப்ப வேணாம்."

கை கைப்பிடிக்குப் போய்விட்டது. தள்ளினால் திறக்கும், தடுக்கக் கட்டில் இல்லை. குரலைத் தலைக் கணக்கில் சேர்க்கலாமா? தலையணை பேசாது. கையை எடுத்துக்கொண்டாள். நோட்டில் பன்னிரண்டு என்று எழுதினாள். இரண்டு கதவு தாண்டிப் போனாள், திரும்பி வந்தாள், காதை வைக்காமல் நின்றாள்.

"போயிட்டீங்களா வார்டன்ம்மா?"

"போயிட்டேன்" என்றாள் வார்டன்.