மொக்கம்மாளின் கண்ணாடி வயல்

கூடலூரில் நடவுக்கு மொக்கம்மாள் கைதான் ராசி. அவள் முதல் நாற்றை ஊன்றாமல் மற்றப் பெண்கள் வயலில் கால் வைக்க மாட்டார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருசம், கண்ணாடித் தொட்டிக்குள் புல் வளர்க்கும் ஆசை வந்தது. வரக்கூடாதா என்ன?

குமுளி மலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கிளம்பியபோது போட்டுவிட்டுப் போன மீன்தொட்டி அது. வண்டி ஓட்டும் உசேன் ராவுத்தர் கீழே கொண்டுவந்தார். மூலையில் விரிசல், யாரும் சீந்தவில்லை. மொக்கம்மாள் ஒரு சேவலைக் கொடுத்து வாங்கி, குங்கிலியப் பிசினை எண்ணெயில் காய்ச்சி விரிசலில் பூசி, வாசலில் வைத்தாள். நெல்வயலில் களையாக முளைக்குமே குட்டைக் கோரை, ஊசி ஊசியாக இரண்டு விரற்கடை உயரத்துக்கு, அதைப் பிடுங்கி வந்து நட்டுத் தண்ணீரை நிரப்பினாள். மறுநாள் அத்தனையும் மிதந்தது. தெருவே சிரித்தது.

"சிரிங்க ஆத்தா, நல்லாச் சிரிங்க. பல்லு சுளுக்குனா நான் பொறுப்பில்ல," என்றாள்.

அப்புறம்தான் உறைத்தது. நட்ட வயலில் வேர் பிடிக்குமுன் யாராவது தண்ணீரை ஏற்றிக் கட்டுவார்களா? அவளுக்கு அவள் மேலேயே கோபம் வந்தது. தொட்டியில் சேறு போட்டு, மேலே ஆற்றுமணல் பரப்பி, புல்லை நகத்தால் கிள்ளிக் கிள்ளி விரல் இடைவெளியில் ஊன்றினாள். ஈரம் மட்டும் தெளித்தாள். புல் கொடியோடிப் படர்ந்து மணல் மறைந்த பிறகே தண்ணீர் ஏற்றினாள். ஒரு புல் அசையவில்லை. பிறகு வாய்க்காலில் பிடித்த மீன்களை விட்டாள். மணலைத் தோண்டிய அயிரை மீன்கள் குழம்புக்குப் போயின; கெண்டைக் குஞ்சுகள் பிழைத்தன.

பண்ணைக்காரர் பலவேசம் காதுக்கு இது எட்டியது. "களைய வளக்குறவ கை என் வயல்ல படக்கூடாது. தொட்டிய ஒடச்சாத்தான் வேல," என்று ஆள்விட்டுச் சொன்னார்.

வீட்டில் அடுப்பெரிவதே அந்த நடவுக் கூலியில்தான். புருசன் கருத்தக்கண்ணன் கெஞ்சினான். "அவுக பொல்லாதவுக. புல்லுக்காகவா பட்டினி கெடக்க?"

"ஆயுசுபூரா அவுக வயல்ல நட்டேன். ஒரு கதிரு எனக்குன்னு உண்டா? இதத் தொட்டா கை இருக்காது, பாத்துக்க!"

ஆனி பாதி கழிந்தது. மொக்கம்மாள் வீட்டில் வெறுங்கீரைதான் வெந்தது. உழுது பரம்படித்த வயல் காத்துக்கிடக்க, நாற்றங்காலில் நாற்று முற்றியது. பலவேசம், நடவுக்காரி சுருளியம்மாளைக் கூப்பிட்டு முதல் நாற்றை ஊன்றச் சொன்னார்.

"மொக்கம்மா எறங்காத வயல்ல நாங்க எறங்க மாட்டோம்யா," என்று அவள் திரும்பிப் போய்விட்டாள்.

கடைசியில் பலவேசமே மொக்கம்மாள் வாசலுக்கு வந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது. "சரி, வா. நாத்து பாழாப்போகுது."

அவள் இடத்தைவிட்டு எழவில்லை. "மொதல்ல உள்ள பாருங்கய்யா."

வேறு வழி? குனிந்தார். பச்சைத் தரைக்குமேல் கெண்டைக் குஞ்சுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மனுசன் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை.

"என்ன இருந்தாலும் களைதானே?" என்றார், வீம்பு விடாமல்.

"அங்கன அது உங்க களை, புடுங்கிப் போடுறேன். இங்கன அது என் பயிரு."

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, அவருக்கு முன்னால் வயலுக்கு நடந்தாள்.